ஒரு வாத்து எவ்வளவு சொல்லும்?

மார்கழி, தை மாதங்களில் நம் ஊர் ஏரிகளில் கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் கூட்டமாக மிதப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் காலையில் அந்தக் கூட்டத்தின் நடுவே நீங்களோ உங்கள் பாட்டனாரோ ஒருபோதும் கண்டிராத ஒரு பறவை மிதந்தால் என்ன நினைப்பீர்கள்? இது எங்கிருந்து வந்தது? ஏன் வந்தது? இதற்கு முன் வந்ததுண்டா? இப்படிக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும் அல்லவா?

அஸ்ஸாம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இப்படித்தான் நடந்தது. தின்சுகியா மாவட்டத்தில் மாகுரி-மோட்டாபுங் என்ற பெரிய நீர்நிலை இருக்கிறது. அங்கே உள்ளூர்ப் பறவை வழிகாட்டி ஒருவரின் கண்ணில் பல வண்ண வாத்து ஒன்று பட்டது. அது மாண்டரின் வாத்து என்பது தெரிந்ததும் செய்தி நாடெங்கும் பரவியது. அம்மாவட்டத்தில் இந்த வாத்தைப் பற்றிய முந்தைய பதிவு 1902ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனவே "நூறாண்டுக்குப் பின் வந்த வாத்து" என்று பத்திரிகைகள் கொண்டாடின.

கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால் விஞ்ஞானம் படிக்கும் நாம் அத்துடன் நின்றுவிடக் கூடாது. ஒரே ஒரு பறவையின் வருகை நமக்கு எவற்றைச் சொல்லும்? எவற்றைச் சொல்லாது? இந்த இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கு

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பிரம்மபுத்திரா நதி திபெத்தில் சாங்போ என்ற பெயரில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. நாம்சா பர்வா என்ற மாபெரும் சிகரத்தைச் சுற்றி வளைந்து, சியாங் என்ற பெயருடன் அருணாசலப் பிரதேசத்துக்குள் இறங்குகிறது. திபாங், லோகித் ஆகிய ஆறுகள் அதனுடன் கூடியபின் பிரம்மபுத்திரா என்ற பெயரைப் பெற்று மேற்கு நோக்கிச் செல்கிறது. இந்நதியின் இருபுறமும் விரிந்து கிடப்பதே அஸ்ஸாம் பள்ளத்தாக்கு.

இதன் வடக்கே இமயமலை. கிழக்கிலும் தெற்கிலும் பட்காய், நாகா மலைகள். கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள இப்பள்ளத்தாக்கின் கிழக்கு மூலையில் தின்சுகியா இருக்கிறது. ஆயினும் அது கடல் மட்டத்துக்குச் சுமார் 120 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. குளிர்காலத்தில் மலைக்கு அப்பால் ஏரிகள் உறைந்து கல்லாகும்போது இங்கே தண்ணீர் உறைவதில்லை. மூடுபனி உண்டு, பனிக்கட்டி இல்லை.

ஆறு அடிக்கடி போக்கை மாற்றிக்கொள்வதால் அது விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் தங்கிவிடுகிறது. இத்தகைய நீர்நிலைகளை அஸ்ஸாமியர் 'பீல்' என்கின்றனர். மழைக்காலத்தில் ஆறும் பீலும் ஒன்றாகிவிடும். குளிர்காலத்தில் வெள்ளம் வடிந்ததும் பீல் ஆழமற்றதாகிறது. நீர்ச்செடிகளும் விதைகளும் புழுக்களும் வாத்தின் அலகுக்கு எட்டும் ஆழத்துக்கு வந்துவிடுகின்றன. உறையாத நீர், எளிதில் கிடைக்கும் உணவு இவ்விரண்டும் இருந்தால் வாத்துகள் வராமலிருக்குமா?

இன்னொரு சிறப்பும் உண்டு. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் சென்றுவரும் பெரும்பாதைகளை விஞ்ஞானிகள் வரைந்திருக்கின்றனர். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் பாதை ஒன்று. நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருவது இப்பாதையில்தான். கிழக்கு சைபீரியாவிலிருந்து சீனா, ஜப்பான் வழியாகத் தெற்கே செல்லும் பாதை மற்றொன்று. அஸ்ஸாம் பள்ளத்தாக்கு இவ்விரு பாதைகளும் நெருங்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே கிழக்குப் பாதைக்குரிய பறவை ஒன்று தடம் மாறினால் அது வந்து இறங்கத் தக்க முதல் இடங்களில் இதுவும் ஒன்றாகிறது.

யார் இந்த விருந்தாளி?

மாண்டரின் வாத்து 45 செ.மீ. அளவே நீளமுள்ள சிறிய வாத்து. ஆணின் அலகு சிவப்பு; கண்ணுக்கு மேலே அகன்ற வெள்ளைப் பட்டை; கன்னத்தில் ஆரஞ்சு நிறத் தாடி; மார்பு கருஞ்சிவப்பு. முதுகின் இருபுறமும் பாய்மரம் விரித்தாற்போல் இரண்டு ஆரஞ்சு நிற இறகுகள் நிமிர்ந்து நிற்கும். பெண் பறவையோ சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் மட்டுமே அதன் அணி. ஆணும் ஆண்டு முழுவதும் இந்தக் கோலத்தில் இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே ஆகிவிடும். அப்போது அலகின் சிவப்பே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

ருஷ்யாவின் கிழக்குக் கோடி, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகியவை இதன் தாயகம். காட்டாற்றங்கரையில் உள்ள மரப்பொந்தில் முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்த மறுநாளே தாய் கீழே நின்று குரல் கொடுக்க, பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்திலிருந்து குதித்துவிடும்! உடல் பஞ்சுபோல் இலேசாக இருப்பதால் அவற்றுக்குக் காயம் ஏற்படுவதில்லை.

நம் சங்கப் புலவர்கள் பிரியாத காதலுக்கு மகன்றிலைச் சொன்னதுபோல் சீனரும் கொரியரும் இந்த வாத்தைச் சொல்வர். கொரியத் திருமணங்களில் மரத்தால் செய்த வாத்து இணை ஒன்றை வைப்பது வழக்கம்.

குளிர்காலத்தில் இவ்வாத்துகள் சீனாவின் தென்கிழக்குப் பகுதிகளுக்கும் ஜப்பானுக்கும் செல்கின்றன. அங்கிருந்து தின்சுகியா ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே இருக்கிறது. இடையில் மலைத்தொடர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அப்படியானால் ஒரு பறவை அங்கே வந்தது எப்படி?

வழி தவறுவது ஏன்?

பறவைக்குத் திசை எப்படித் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது ஏன் தவறுகிறது என்பது புரியும். இதற்கு ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெர்டெக் செய்த சோதனை பெரிதும் உதவியது. இலையுதிர்காலத்தில் ஹாலந்து வழியாகத் தென்மேற்கு நோக்கிச் செல்லும் சோளக்குருவி இனப் பறவைகள் 11,000க்கும் அதிகமானவற்றை அவருடைய குழுவினர் பிடித்துக் காலில் வளையமிட்டனர். பிறகு அவற்றை விமானத்தில் ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விட்டனர். 1958இல் முடிவுகள் வெளியாயின.

என்ன நடந்தது தெரியுமா? ஏற்கெனவே வலசை சென்று அனுபவம் பெற்ற முதிய பறவைகள் தாங்கள் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து, வழியைத் திருத்திக்கொண்டு, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிச் சென்றன. முதன்முறை பயணம் செய்யும் இளம் பறவைகளோ அதே தென்மேற்குத் திசையில் பறந்து, பிரான்சின் தென்பகுதிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. அதாவது இளம் பறவை பிறக்கும்போதே "இந்தத் திசையில், இவ்வளவு தூரம்" என்ற கட்டளையுடன் பிறக்கிறது. சேரவேண்டிய ஊரை அறிந்துகொள்வது அனுபவத்தால் வருகிறது.

இதிலிருந்து பல காரணங்களை ஊகிக்கலாம். பிறவியிலேயே அந்தத் திசைக் கட்டளையில் சிறு பிழை இருந்தால் பறவை பிறிதொரு நாட்டுக்குப் போய்விடும். திசை சரியாகவே இருந்தாலும் பலத்த காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். வழக்கமான இடத்தில் திடீரெனக் கடுங்குளிர் வந்து ஏரிகள் உறைந்தால், உறையாத நீரைத் தேடி மேலும் பறக்க நேரிடலாம்.

வாத்துகளுக்கே சிறப்பாக உரிய இன்னொரு காரணமும் உண்டு. கூட்டத்தோடு சேர்ந்திருப்பது அவற்றின் இயல்பு. தன் இனத்தாரைப் பிரிந்த ஒரு வாத்து, வேறு இன வாத்துகளின் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அக்கூட்டம் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். திருவிழாக் கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளை யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் போலத்தான்.

காட்டிலிருந்தா, கூண்டிலிருந்தா?

விஞ்ஞானி இத்துடன் திருப்தி அடையமாட்டார். அவர் கேட்கும் அடுத்த கேள்வி சற்றுச் சங்கடமானது. இது காட்டுப் பறவைதானா? யாரேனும் வளர்த்துத் தப்பிவிட்ட பறவையா?

மாண்டரின் வாத்து அழகுக்காக உலகெங்கும் வளர்க்கப்படுகிறது. பிரிட்டனில் தப்பிய பறவைகள் பெருகிக் காட்டிலேயே நிலைத்துவிட்டன. 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவில் ஓர் ஆண் வாத்து தோன்றியபோது ஆயிரக்கணக்கானோர் அதைக் காணத் திரண்டனர். அமெரிக்கா இவ்வினத்தின் தாயகமன்று. எனவே அது வளர்ப்பிலிருந்து தப்பியதாகவே கருதப்பட்டது.

இதைத் தீர்மானிக்கச் சில அடையாளங்கள் உதவும். காலில் வளர்ப்போர் இட்ட வளையம் உண்டா? சிறகு வெட்டப்பட்டிருக்கிறதா? கூண்டுக் கம்பியில் உரசி வால் இறகு தேய்ந்திருக்கிறதா? மனிதரைக் கண்டு அஞ்சுகிறதா? வந்த மாதம் வலசைக் காலமா? காட்டு வாத்துகளோடு சேர்ந்து திரிகிறதா? அஸ்ஸாமுக்கு வந்த வாத்தைப் பொறுத்தவரை காலமும் இடமும் அதற்குச் சாதகமாக உள்ளன. குளிர்காலத்தில், காட்டு வாத்துகள் கூடும் ஒரு நீர்நிலையில், தன் இயற்கை எல்லைக்கு மிகத் தொலைவில் இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் அது காணப்பட்டது. ஆனால் சாதகமான சான்று வேறு, முடிந்த தீர்ப்பு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

நூறாண்டு வரவில்லையா, பார்க்கவில்லையா?

இப்போது பத்திரிகைத் தலைப்புக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு தின்சுகியாவில் திப்ரு ஆற்றில், ரங்காகோரா என்ற பகுதியில் இந்த வாத்து பதிவானது. பிரிட்டிஷ் ஆட்சியில் அஸ்ஸாமில் காவல் துறை அதிகாரியாக இருந்த ஸ்டுவர்ட் பேக்கர் போன்ற சிலர் அக்காலத்தில் பறவைகளை ஆராய்ந்து நூல்கள் எழுதினர். அவ்வாறு எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அக்காலத்துப் பதிவுகள் நமக்குக் கிடைக்கின்றன.

பிறகு 2013இல் மணிப்பூரின் லோக்டாக் ஏரியிலும், 2014இல் அதே அஸ்ஸாமின் மேற்குப் பகுதியில் மானஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு பீலிலும் மாண்டரின் வாத்து காணப்பட்டது. ஆகவே வடகிழக்கு இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் இடைவெளி நூறாண்டு அன்று, ஏழாண்டுதான்!

அப்படியானால் 1902க்கும் 2013க்கும் இடையே ஒரு வாத்துகூட வரவில்லையா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்காலம் 120 நாட்கள் என்று கொள்வோம். ஒரு வாத்து வந்து 10 நாட்கள் மட்டும் தங்கிப் போகிறது. நீங்கள் அக்காலத்தில் ஏதோ ஒருநாள் மட்டும் அங்கே செல்கிறீர்கள். அந்நாளில் வாத்து அங்கே இருப்பதற்கான வாய்ப்பு 120இல் 10, அதாவது பன்னிரண்டில் ஒன்று. நீங்கள் முன்பின் திட்டமின்றி 12 நாட்கள் சென்றாலும் வாய்ப்பு சுமார் 65 சதவீதமே. வாத்து இருந்தும் நாணலுக்குப் பின்னால் மறைந்திருந்தால் அதுவும் குறையும்.

எனவே நூறாண்டு காலத்தில் வாத்து வராமலும் இருந்திருக்கலாம். வந்து யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். கண்ட மீனவர் யாரும் எழுதிவைக்காமலும் இருந்திருக்கலாம். "பதிவு இல்லை" என்பதும் "பறவை இல்லை" என்பதும் ஒன்றல்ல. அபூர்வப் பறவைகளைப் பற்றிப் படிக்கும்போது நாம் மறக்கக்கூடாத பாடம் இது. ஒரு பதிவுக்கு இரண்டு உயிர்கள் தேவை: ஒன்று பறவை, மற்றொன்று அதைப் பார்த்து எழுதும் மனிதர்.

தீக்குப் பின் வந்த பறவை

இந்த வாத்தின் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. அதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

மாகுரி-மோட்டாபுங் பீலுக்கு அருகே பாக்ஜான் என்னும் ஊரில் இயற்கை எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அவற்றுள் ஒன்று கட்டுக்கடங்காமல் பீறிட்டது. ஜூன் 9ஆம் நாள் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது. எரிவாயுவுடன் வெளிப்பட்ட எண்ணெய் புல்வெளியிலும் நீரிலும் படிந்தது. நவம்பர் 15ஆம் நாள்தான் தீ முற்றிலும் அணைந்தது.

எண்ணெய் நீர்ப்பறவைக்கு ஏன் எமனாகிறது? வாத்தின் இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நெசவுத்துணி போல் அமைந்திருக்கும். நீர் உட்புகாது, உள்ளே அடைபட்ட காற்று உடலின் சூட்டைக் காக்கும். எண்ணெய் பட்டால் இந்த நெசவு கலைந்து இறகுகள் திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் தோலைத் தொடும். பறவை நடுங்கும், மிதக்க முடியாமல் தவிக்கும். அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் மூடினால் காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கரைவதும் தடைப்படும். மீன்களும் புழுக்களும் மடியும். அவற்றை உண்டு வாழ்வனவும் தவிக்கும்.

தீ அணைந்து மூன்று மாதம் முடிவதற்குள் மாண்டரின் வாத்து அங்கே இறங்கியது. "பார்த்தீர்களா, அபூர்வப் பறவையே வந்துவிட்டது, பீல் பிழைத்துவிட்டது" என்று சொல்லத் தோன்றும். துயரப்பட்ட ஊருக்கு அந்த வண்ணப் பறவை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த முடிவு சரியா?

சரியன்று. வழி தவறி வந்த பறவை இந்த பீலைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. அதன் வருகைக்கான காரணம் தொலைவில், அதன் தாயகத்திலோ பயணப் பாதையிலோ இருக்கிறது. பீலில் ஒரு வாத்து சில நாட்கள் வயிற்றை நிரப்பிக்கொள்ள முடிந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. ஊருக்குள் விருந்தாளி ஒருவர் வந்து போனதை வைத்து ஊரார் நலமாக இருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? ஊரார் எத்தனை பேர் இருக்கிறார்கள், உண்கிறார்களா என்றல்லவா பார்க்கவேண்டும்?

ஊராரை எண்ணுவோம்

இங்கே ஊரார் என்பவர் யார்? ஆண்டுதோறும் தவறாமல் வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும். ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் சீழ்க்கைச் சிறகி. ஈரப் புல்வெளியில் மட்டுமே வாழத் தெரிந்த சிறுகுருவிகள். அஸ்ஸாமின் மாநிலப் பறவையான வெள்ளைச் சிறகு வாத்தும் அப்பகுதிக் காடுகளுக்கு உரியது. அதுவும் மரப்பொந்தில் முட்டையிடுவதே. அழிவின் விளிம்பில் நிற்பதே. அதன் ஆவிக்குரல் காரணமாக அஸ்ஸாமியர் அதனை 'ஆவி வாத்து' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

ஒரு நீர்நிலையில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஜனவரி மாதத்தில் சுமார் 400 ஊசிவால் வாத்துகள் எண்ணப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டில் 120 மட்டுமே இருந்தால் அது பெரிய சேதி. எந்தப் பத்திரிகையும் தலைப்பிடாது. ஆனால் நீரில் ஏதோ கெட்டுவிட்டது, அல்லது வரும் வழியில் எங்கோ ஓர் ஏரி வற்றிவிட்டது என்பதை அந்த எண்ணிக்கை உரக்கச் சொல்லும். முந்தைய ஐந்தாண்டுக் கணக்கு இல்லாவிட்டால் ஆறாம் ஆண்டின் 120 ஊமையாகிவிடும்.

இதற்காகவே 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்துவருகிறது. தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கலந்துகொள்ளப் பட்டம் எதுவும் தேவையில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் உழவர்களும் தங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வீட்டுத் தோட்டத்திலோ கால் மணி நேரம் நின்று, கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும்.

நீங்களும் ஒரு குறிப்பேடு வாங்கி வையுங்கள். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், நிறம், நடத்தை இவற்றைக் குறியுங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதவும் தவறாதீர்கள்; அதுவும் ஒரு பதிவுதான். ஏரியின் சாதாரணப் பறவைகள் அத்தனையும் கண்ணுக்குப் பழகியிருந்தால்தான் அவற்றுள் ஓர் அந்நியன் வந்தால் உடனே தெரியும். மாகுரி பீலில் மாண்டரின் வாத்தைக் கண்டவர், தம் பீலின் பறவைகளை நாள்தோறும் பார்த்துப் பழகியவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வருகிற தை மாதம் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். பல வண்ண வாத்து வராமல் போகலாம். கிளுவைகள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள். அடுத்த தையிலும் எண்ணுங்கள். அபூர்வப் பறவை கேள்வியைத்தான் கேட்டுவிட்டுப் போகும். அதற்கு விடை உங்கள் குறிப்பேட்டில் உள்ள சாதாரணப் பறவைகளிடம்தான் இருக்கும்.